தரைச் சூடாக்கக் குழாய்களுக்கு அடியில் வெப்பக் காப்பு வேண்டுமா?

கேள்வி, நவம்பர் 4

புதிய வீட்டின் தரைத்தளத்தில் வெந்நீர்க் குழாய்களைக் கான்கிரீட்டுக்குள் புதைத்துத் தரையைச் சூடாக்கும் ஏற்பாட்டைச் செய்துகொண்டிருக்கிறோம். வெப்பம் எப்போதும் மேல்நோக்கியே செல்லும், ஆகவே குழாய்களுக்கு அடியில் நுரைப் பலகை பரப்புவது வீண் செலவு என்கிறார் எங்கள் ஒப்பந்தக்காரர். வேண்டுமானால் வெள்ளிநிறக் குமிழித்தாள் ஒன்றை விரித்துவிடலாம், அதுவே வெப்பத்தை அறைக்குத் திருப்பி அனுப்பிவிடும் என்றும் சொல்கிறார். கான்கிரீட் ஊற்றச் சில நாட்களே உள்ளன. அவர் சொல்வது சரிதானா?

நவம்பர் 4

சரியன்று. மேலே செல்வது சூடான காற்று, வெப்பம் அப்படிப்பட்டதன்று. சூடான காற்று அடர்த்தி குறைந்து மேலெழுவதைப் பார்த்துப் பழகியதால் வெப்பத்திற்கே மேல்நோக்கிய நாட்டம் இருப்பதாக எண்ணிவிடுகிறோம். திடப்பொருளுக்குள் வெப்பம் கடத்தலால் பரவுகிறது, அந்தப் பரவலுக்கு மேல் கீழ் என்ற வேறுபாடு கிடையாது. சூடு மிகுந்த இடத்திலிருந்து சூடு குறைந்த இடத்திற்கு அது போகும். எந்தப் பக்கம் தடை குறைவோ அந்தப் பக்கம் அதிகமாகப் போகும். உங்கள் குழாய்க்கு மேலே அறை இருக்கிறது, கீழே அறையைவிடக் குளிர்ந்த மண் இருக்கிறது. இரண்டு பக்கமும் வழி திறந்திருக்கும்போது மண்ணுக்குள் போகாதே என்று வெப்பத்திடம் சொல்ல அங்கே யாரும் இல்லை.

ஊற்றுவதைத் தள்ளிவைக்க முடியுமானால் தள்ளிவையுங்கள். கொதிகலனைப் பிறகு மாற்றலாம், தெர்மோஸ்டாட்டை மாற்றலாம், மேலே பதிக்கும் தரை ஓடுகளைக்கூட மாற்றலாம். கான்கிரீட்டுக்கு அடியில் உள்ளதை மட்டும் பிறகு மாற்ற முடியாது.

நவம்பர் 4, இரவு

குமிழித்தாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒப்பந்தக்காரர் பொய் சொல்லவில்லை. வேறோர் இடத்திற்குப் பொருந்தும் உண்மையை இந்த இடத்தில் சொல்கிறார்.

பளபளப்பான அலுமினியப் பரப்பு வெப்பக் கதிர்வீச்சை நன்றாகத் திருப்பும், தானும் மிகக் குறைவாகவே வெளியிடும். ஆனால் கதிர்வீச்சு பயணிக்க அதன் முன்னால் காற்று இடைவெளி ஒன்று இருந்தாக வேண்டும். தாளின் ஒரு பக்கம் மண், மறுபக்கம் கான்கிரீட் என்று இரண்டும் நெருக்கி ஒட்டியிருக்கும் இடத்தில் கதிர்வீச்சுக்கு வேலையே இல்லை. அங்கே நடப்பது முழுவதும் கடத்தல்தான். மிஞ்சுவது குமிழிகளுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் காற்று மட்டுமே. 8 மி.மீ. தடிமனுள்ள தாள் கான்கிரீட்டின் எடையில் சிறிதும் நசுங்காது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் அதன் வெப்பத் தடை ஏறத்தாழ 0.2 (ச.மீ. கெல்வின்/வாட் அளவில்) என்ற அளவைத் தாண்டாது. 50 மி.மீ. நுரைப் பலகை தருவது ஏறத்தாழ 1.4. போதாக்குறைக்கு, ஈரக் கான்கிரீட்டின் காரத்தன்மை மூடப்படாத அலுமினியத்தை அரித்துவிடும். பளபளப்பு கொஞ்ச நாளில் போய்விடும். போனாலும் கவலையில்லை, கான்கிரீட்டுக்கு அடியில் போய் அதில் முகம் பார்க்கப் போகிறவர் யார்?

நவம்பர் 6

எண்களைக் காட்டாமல் வாதம் செய்கிறேன் என்று ஒருவர் குறைபட்டிருக்கிறார். நியாயமான குறைதான். கைக்கணக்காக ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். குழாய்களைத் தனித்தனியாகக் கொள்ளாமல் ஒரே சீரான சூடான படலமாகக் கொள்கிறேன், ஆகவே இது தோராயம். ஆனால் எந்தப் பக்கம் எவ்வளவு போகிறது என்பதைக் காட்ட இது போதும்.

அறை 20 டிகிரி. தளத்திற்கு அடியில் காற்றோட்டமுள்ள வெற்றிடம், அங்கே 10 டிகிரி. குழாய்ப் படலம் 35 டிகிரி. மேலே ஸ்கிரீட்டும் (குழாய்களை மூடி ஊற்றும் கலவை அடுக்கு) மரத்தரையும் தரைப் பரப்பின் தடையும் சேர்ந்து 0.25 என்று வைத்துக்கொள்வோம். மேல்நோக்கி 15 டிகிரி வேறுபாடு, அதைத் தடையால் வகுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு 60 வாட் அறைக்குள் வரும். கீழே காப்பு எதுவும் இல்லாத 150 மி.மீ. கான்கிரீட் மட்டும் இருந்தால், அதன் தடை 0.08, அடிப்பரப்பின் தடை 0.17, மொத்தம் அங்கேயும் 0.25. ஆனால் வேறுபாடு 25 டிகிரி. கீழ்நோக்கி 100 வாட் போகும். அறையைவிட வெற்றிடத்தையே நீங்கள் அதிகமாகச் சூடாக்குகிறீர்கள். நான் முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது விடையை நம்பாமல் மறுபடியும் போட்டுப் பார்த்தேன், பிழை இருக்கவில்லை.

இதே இடத்தில் கீழ்ப்பக்கத்து மொத்தத் தடையை 1.25 ஆக்கினால் இழப்பு 20 வாட்டாகக் குறையும். 2.5 ஆக்கினால் 10 வாட்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கீழே போகும் அளவைக் கீழே உள்ள காப்பு மட்டும் முடிவு செய்வதில்லை, மேலே நீங்கள் விரிப்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. அறைக்கு அதே 60 வாட் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஓடு பதித்திருந்தால் குழாய்ப் படலம் 29 டிகிரியில் இருந்தாலே போதும். மரத்தரை என்றால் 35 வேண்டும். தடித்த கம்பளமும் அதன் அடியில் மெத்தை விரிப்பும் போட்டால் 43-க்கு மேல் போக வேண்டியிருக்கும். கீழே அதே 1.25 தடை இருக்க, இழப்பு முறையே 15, 20, 27 வாட். காப்பைத் தொடவே இல்லை. கம்பளம் விரித்ததற்காக இழப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிட்டது. மேல்விரிப்பின் தடை 0.15-ஐத் தாண்டக் கூடாது என்று இத்துறையில் வழக்கமாகச் சொல்லப்படுவதன் காரணங்களில் இதுவும் ஒன்று. எனவே நுரைப் பலகையின் தடிமனைத் தீர்மானிக்கும் முன், மேலே என்ன தரை வரப்போகிறது என்பதைக் கேளுங்கள்.

நவம்பர் 6, சற்று நேரம் கழித்து

மண்ணின் மேல் நேரடியாகத் தளம் அமையும் வீட்டிற்கு மேலே உள்ள 100 வாட் பொருந்தாது என்று சுட்டிக்காட்டப்பட்டிருக்கிறது. உண்மைதான். அதனால்தான் வெற்றிடத்தை எடுத்துக்கொண்டேன். மண்ணுக்கும் தடை உண்டு. அகலமான தளத்தின் நடுப்பகுதியிலிருந்து வெளியுலகம் வரை வெப்பம் பல மீட்டர் மண்ணைக் கடந்தாக வேண்டும். ஆகவே நடுப்பகுதியில் இழப்பு குறைவு, ஓரத்தில் அதிகம். ஓரத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

ஐரோப்பாவில் வழக்கிலுள்ள ஈஎன் 1264 என்ற தரநிலை, மண்ணின் மேலோ சூடாக்கப்படாத அறையின் மேலோ அமையும் சூடான தளத்திற்குக் குறைந்தது 1.25 தடை வேண்டும் என்கிறது; கீழே சூடாக்கப்படும் அறை இருந்தால் 0.75 போதும், வெளிக்காற்றின் மேல் அமைந்து அந்தக் காற்று மிகவும் குளிரக்கூடியதானால் 2.0 வரை. இவை குறைந்தபட்ச அளவுகள். குறைந்தபட்சத்தையே இலக்காக வைத்துக் கட்டுவது வேறு விஷயம்.

நவம்பர் 9

ஓரம். நான் முன்பு குடியிருந்த ஒரு வீட்டில் பனி பெய்து தரையெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும்போதும் வெளிச்சுவரின் அடியை ஒட்டி ஒரு சாண் அகலத்திற்கு மண் ஈரமாகத் தெரியும். கூரைத் தண்ணீர் சொட்டுவதால் உருகுகிறது என்றே நெடுநாள் நினைத்திருந்தோம். கூரை நீட்டம் இல்லாத பக்கத்திலும் அதே கோடு இருந்தது. சூடான தளத்தின் விளிம்பு அடித்தளச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சுவர் வெளிக்காற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. உள்ளே நாங்கள் காய்ச்சிய வெந்நீரின் ஒரு பங்கு தோட்டத்துப் பனியை உருக்கிக்கொண்டிருந்தது.

தளத்தின் விளிம்பிலிருந்து வெளிக்காற்றுக்கு உள்ள தொலைவு ஒரு சுவரின் தடிமன் மட்டுமே. அந்தச் சுவரும் கான்கிரீட்டாக இருந்தால் அது வெப்பத்திற்கு ராஜபாட்டை. அடியில் 100 மி.மீ. பலகையைப் பரப்பிவிட்டு விளிம்பை வெறுமனே விட்ட தளங்களை நான் பார்த்திருக்கிறேன். வயலைச் சுற்றி வரப்பை எவ்வளவு உயர்த்தினாலும் ஒரு நண்டுவளை இருந்தால் போதும், விடிவதற்குள் தண்ணீர் வடிந்திருக்கும், விளிம்பும் அப்படித்தான்.

சுவரோரம் வைக்கும் 8 அல்லது 10 மி.மீ. நுரைப்பட்டையை இதற்குத் தீர்வாக நினைத்துவிடக் கூடாது. சூடேறும்போது ஸ்கிரீட் விரிய இடம் கொடுப்பதே அதன் முதல் வேலை. அது இல்லாவிட்டால் தளம் விரிசல் விடும் அல்லது சுவரைத் தள்ளும். வெப்பத்தையும் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான். வெளிச்சுவரை ஒட்டிய விளிம்பில் தளத்தின் முழு உயரத்திற்கும் செங்குத்தான பலகை தனியாக வேண்டும், அது அடிப் பலகையோடு இடைவெளியின்றிச் சேர வேண்டும்.

நவம்பர் 12

எந்தப் பலகை என்ற கேள்விக்கு வருகிறேன். இ.பி.எஸ். என்றால் நாம் தெர்மோகோல் என்று சொல்லும் அதே பொருள்தான். அந்தப் பெயரைக் கேட்டதும் எல்லோருக்கும் தொலைக்காட்சிப் பெட்டியின் பொதி நினைவுக்கு வருகிறது, விரலால் குத்தினால் குழிவிழும் பொருளின் மேல் வீட்டின் தளத்தை வைப்பதா என்று பயம் வருகிறது. தளத்திற்கு விற்கப்படும் வகை வேறு அடர்த்தியுடையது. இ.பி.எஸ். 100 என்ற குறியில் உள்ள 100, பலகையின் தடிமன் பத்தில் ஒரு பங்கு அமுங்கத் தேவைப்படும் அழுத்தம் 100 கிலோபாஸ்கல் என்பதைக் குறிக்கிறது. அதாவது ஒரு சதுர மீட்டரின் மேல் ஏறத்தாழ 10 டன். ஆண்டுக்கணக்கில் நிலையாக நிற்கும் சுமைக்கு அதில் மூன்றிலொரு பங்கையும் தாண்டாமல் வைத்துக்கொள்வது வழக்கம், ஆகவே 3 டன் என்று கொள்ளுங்கள். 150 மி.மீ. கான்கிரீட்டின் எடை சதுர மீட்டருக்கு 360 கிலோ. மேசை, நாற்காலி, அலமாரி, விருந்தாளிகள் எல்லோரையும் சேர்த்தாலும் 600 கிலோவைத் தொடுவது அரிது. சுமைதாங்கும் சுவருக்கும் தூணுக்கும் அடியில் நிலைமை வேறு. அங்கே பொறியாளர் கணக்குப் போட்டுச் சொல்லாமல் எந்தப் பலகையும் போடக் கூடாது.

எக்ஸ்பிஎஸ் (பிழிந்து வார்த்த பாலிஸ்டைரீன் நுரை) இன்னும் கெட்டியானது, பொதுவாக 300 கிலோபாஸ்கல் தாங்கும், நீரையும் குறைவாகவே உறிஞ்சும். பிஐஆர் (பாலிஐசோசயனுரேட் நுரை) பலகையின் வெப்பக் கடத்துதிறன் 0.022 (வாட்/மீ. கெல்வின்) அளவில் இருக்கிறது, இ.பி.எஸ்.ஸுக்கு 0.036 அளவு, ஆகவே உயரம் குறைவாக உள்ள இடத்தில் பிஐஆர் கைகொடுக்கும். உயரம் தாராளமாக இருந்தால் நான் இ.பி.எஸ்.ஸையே எடுப்பேன். மிச்சமாகும் பணத்தில் தடிமனைக் கூட்டிக்கொள்ளலாம்.

பலகை எதுவானாலும் அடியில் தளம் மட்டமாக இருக்க வேண்டும். ஆடும் பலகையின் மேல் ஊற்றிய ஸ்கிரீட் அந்த இடத்தில்தான் முதலில் வெடிக்கும். ஒரே தடித்த பலகையைவிட, இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி இரண்டு அடுக்காகப் போடுவது நல்லது. இணைப்புகளை ஒட்டாமல் விட்டால் ஸ்கிரீட் அதன் வழியே இறங்கி இறுகி, காப்பைக் குறுக்கே துளைத்துக்கொண்டு நிற்கும். பலகை மிதக்கவும் மிதக்கும். கான்கிரீட் ஒரு மூலையிலிருந்து வேகமாக வந்து விளிம்பின் அடியில் புகுந்தால், குழாயோடு சேர்ந்து பலகை தெப்பம்போல எழும்பிவிடும். அதைத் திரும்ப அழுத்தி உட்கார வைக்க நின்ற ஆட்களில் நானும் ஒருவன், மறுபடி அந்தக் காட்சியைக் காண ஆசையில்லை.

நவம்பர் 13

சிறிய சேர்க்கை. மின்கம்பிகளின் பிவிசி உறை இ.பி.எஸ்.ஸை நேரடியாகத் தொடக் கூடாது; உறையிலுள்ள மென்மையூட்டி பலகைக்குள் கசிந்து, பலகை சுருங்கும், உறை உடையும் தன்மையடையும். தனிக் குழாய்க்குள் கம்பியைக் கொண்டுபோங்கள். பாலித்தீன் விரிப்பைப் பலகையின் மேலே, கான்கிரீட்டை ஒட்டிப் போடுவதே எனக்கு ஏற்புடையது. ஈரக் கலவை இணைப்புகளுக்குள் இறங்காமலும் அது காக்கும்.

நவம்பர் 21

“மண்ணைச் சூடேற்றுவது வீணாகாது, மண் ஒரு மின்கலத்தைப்போல வெப்பத்தைச் சேமித்துத் திரும்பத் தரும், ஆகவே காப்பு இல்லாமல் இருப்பதே நல்லது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இந்தக் கருத்தைப் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். பாதி உண்மை உள்ள கருத்தாக இருப்பதால் அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

மண் வெப்பத்தைச் சேமிக்கும், மறுக்கவில்லை. ஒரு கன மீட்டர் மண்ணை ஒரு டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 2 மெகாஜூல் வேண்டும். 100 சதுர மீட்டர் தளத்தின் அடியில் ஒரு மீட்டர் ஆழத்தை 10 டிகிரி உயர்த்த 2,000 மெகாஜூல், அதாவது 550 கிலோவாட் மணிக்கு மேல் ஆகும். குளிர்காலத் தொடக்கத்தில் இவ்வளவையும் கொட்டிய பிறகுதான் தளம் நிலைகொள்ளும். சரி, கொட்டியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அந்த வெப்பம் அறைக்குத் திரும்ப வேண்டுமானால் தளம் மண்ணைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். கொதிகலன் ஓடும் காலம் முழுவதும் தளம் மண்ணைவிடச் சூடாகவே இருக்கும். ஆகவே அந்தக் காலம் முழுவதும் ஓட்டம் கீழ்நோக்கியே. குளிர்காலம் முடிந்து சூடாக்கத்தை நிறுத்தியபின் அது திரும்பி வரும், அப்போது அது யாருக்கு வேண்டும்? இடையில் நிலத்தடி நீர் ஓடினால் சேமிப்பும் இல்லை, வந்த வெப்பத்தை அது அள்ளிக்கொண்டு போய்விடும்.

சேமிப்பு வேண்டுமென்றால் அது காப்புக்கு மேலே இருக்க வேண்டும். 150 மி.மீ. கான்கிரீட்டே நல்ல சேமிப்பு. 100 சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 9 கிலோவாட் மணி பிடித்து வைக்கும்.

டிசம்பர் 2

மரத்தரைக்கு அடியில், தாங்கு சட்டங்களுக்கு நடுவே குழாய் ஓட்டியவர்கள், தங்களை நான் மறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அங்கே விதிகள் சற்று மாறும், குமிழித்தாள் விவாதத்தில் நான் மறுத்த பளபளப்புக்கு அங்கே வேலை உண்டு.

குழாயை அலுமினியத் தகட்டில் பொருத்தி, தகட்டை மரப்பலகையின் அடியில் இறுக்கி அறைவதே சிறந்தது. தகடு வெப்பத்தை அகலமாகப் பரப்பி மரத்திற்குள் கடத்தும். அப்படிச் செய்திருந்தால் காப்பைத் தகட்டோடு ஒட்டி அழுத்தி வைக்கலாம். தகடு இல்லாமல் குழாய் வெறுமனே தொங்கினால், குழாய்க்கும் காப்புக்கும் இடையே 25 முதல் 50 மி.மீ. வரை காற்று இடைவெளி விட்டு, காப்பின் மேல்முகத்தில் பளபளப்பான தாளை வைக்க வேண்டும். மேலே பார்த்துக் கிடக்கும் தாளில் ஆண்டுகள் செல்லச் செல்லத் தூசி படியும், பளபளப்பின் பயன் குறையும். அதை நம்பிக் காப்பின் தடிமனைக் குறைக்கக் கூடாது. 140 மி.மீ. கண்ணாடிப் பஞ்சு 3.7 அளவு தடை தரும். மேலே மரப்பலகைகளின் தடை 0.3-ஐ ஒட்டி இருக்கும்போது கீழே அவ்வளவு இருந்தால்தான் மனம் நிம்மதியாகும்.

ஆனால் நான் தவழ்ந்து போய்ப் பார்த்த அடித்தளங்களில் பஞ்சின் தடிமனால் வந்த சிக்கல் எதுவும் இல்லை. கம்பிப் பிடிப்பு தளர்ந்து பஞ்சு ஒரு கையளவு கீழே தொங்கிக்கொண்டிருக்கும். அதற்கும் மேலே உள்ள மரத்தரைக்கும் இடையே சூடான காற்று சுற்றிவந்து, சட்டங்கள் வெளிச்சுவரைச் சந்திக்கும் விளிம்பில் உள்ள பிளவுகள் வழியே வெளியேறிக்கொண்டிருக்கும். இங்கே வெப்பம் உண்மையிலேயே காற்றோடு பயணிக்கிறது. ஆகவே ஒவ்வொரு சட்ட இடைவெளியின் முனையையும் நுரைத்துண்டு வைத்துக் காற்றுப் புகாதபடி அடைத்த பிறகே மற்றதை யோசியுங்கள்.

டிசம்பர் 3

கீழேயும் நம் வீடுதான், அங்கே போகும் வெப்பம் எப்படி இழப்பாகும் என்ற கேள்விக்கு: இழப்பாகாது, கட்டுப்பாடு போய்விடும். மேலறைக்கு 21 டிகிரி கேட்டால் கீழே படுக்கையறை 24 டிகிரியில் வேகும். மாடிக் குடியிருப்புகளில் காலடி ஓசையும் சேர்ந்துகொள்ளும். அதற்கான மெத்தென்ற பலகையை அடியிலும் கெட்டியான பலகையை மேலேயும் வைப்பார்கள். மெத்தென்றதை மட்டும் போட்டால் ஸ்கிரீட் அசையும்.

டிசம்பர் 10

நான் எழுதியதைப் படித்துவிட்டு 300 மி.மீ. பலகை போடத் தயாராகும் ஒருவருக்கு. தடையை இரட்டிப்பாக்கினால் மிச்சமிருக்கும் இழப்பு பாதியாகும். அந்த மிச்சமே சிறிதாகிவிட்டால் அதன் பாதி இன்னும் சிறிது. 20 வாட்டை 10 ஆக்கியது பெரிய லாபம். 5 வாட்டை 2.5 ஆக்கும் பொருளைச் சுவருக்கோ கூரைக்கோ கொண்டுபோனால் அங்கே அதிகம் பலன் தரலாம். ஹீட் பம்ப் (வெளியிலிருந்து வெப்பத்தை எடுத்து வீட்டுக்குள் தரும் மின்கருவி) வைத்திருப்பவர் குறைந்த வெப்பநிலை நீரிலேயே வீட்டை நடத்த விரும்புவார். அவருக்கு நெருக்கமாகக் குழாய் ஓட்டுவதும் மேலே ஓடு பதிப்பதும் கடைசி 100 மி.மீ. பலகையைவிட உதவும்.

மின் சூட்டுவிரிப்பு போடுபவர்கள் எங்களை விட்டுவிடுங்கள் என்றார்கள், விடப்போவதில்லை. பழைய கான்கிரீட்டின் மேல் நேரே விரித்தால் அது முதலில் கான்கிரீட்டைத்தான் சூடாக்கும். 10 மி.மீ. எக்ஸ்பிஎஸ் பலகை இடையில் இருந்தாலே ஓடு சூடாகும் நேரம் வெகுவாகக் குறையும். குளியலறையில் காலையில் சிறிது நேரம் மட்டும் போடும் விரிப்புக்கு அந்த வேகமே எல்லாம்.

ஜனவரி 15

முதலில் கேட்டவர் 100 மி.மீ. பலகை பரப்பி, விளிம்பிலும் வைத்து ஊற்றிவிட்டதாகத் தெரிவித்திருக்கிறார். ஸ்கிரீட் சிமெண்டானால் 21 நாள் பொறுத்த பின்பே சூடேற்றத் தொடங்கலாம், முதல் மூன்று நாள் 25 டிகிரி நீரில் வைத்திருந்து, பிறகு உச்ச வெப்பநிலைக்கு ஏற்றி நான்கு நாள் ஓட்ட வேண்டும். அவசரம் வேண்டாம்.

வேறொருவர், தமது தளம் காப்பு எதுவுமின்றிச் சில ஆண்டுகளுக்கு முன்பே ஊற்றப்பட்டது, இனி என்ன செய்வது என்கிறார். உயரம் கிடைத்தால் பழைய தளத்தின் மேல் பலகை பரப்பிப் புதிதாகக் குழாய் ஓட்டலாம்; கதவுகளின் உயரமும் படியின் முதல் மிதியும் அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அப்படியானால் வெளியே வாருங்கள். அடித்தளச் சுவரை ஒட்டி 600 மி.மீ. ஆழத்திற்குக் குழி தோண்டி, எக்ஸ்பிஎஸ் பலகையைச் செங்குத்தாகச் சுவரில் ஒட்டி மூடிவிடலாம். தளத்தின் நடுவே போகும் இழப்பு அப்படியே இருக்கும், ஆனால் மிக அதிகமாகப் போகும் இடம் அடைபடும். அதோடு வரவேற்பறையில் விரித்திருக்கும் தடித்த கம்பளத்தை எடுத்துவிட்டு நீரின் வெப்பநிலையைச் சில டிகிரி இறக்கிப் பாருங்கள். மண்ணுக்கு மேலே தெரியும் பலகைப் பகுதியை வெயில் படாமல் பூசி மூட வேண்டும். கரையான் உள்ள இடமானால் பலகைக்கு மேலே சுவரில் ஒரு பட்டையை மூடாமல் விட்டு, அதில் மண்தடம் ஏறுகிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும்.